ஜனவரியில் வருகிறேன்

இருந்தவர்கள்:

மாரிச்செல்வம், வயது நாற்பத்தொன்று. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பனியன் துணி ஃபினிஷிங் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர்.

சித்ராதேவி, அவன் மனைவி. ஊத்துக்குளிக்காரி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள்.

தௌபிக், பக்கத்துத் தெரு. ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய உடுப்புகளை வாங்கி விற்கிறவன். லூதியானா, டெல்லி என்று அலைந்து இந்தி பழகியவன். பொங்கல் லீவுக்கு வருடம் ஒரு டூர் கூட்டிப் போவான்.

கம்லா. போனில் குரல் மட்டும்.

இடம், திருப்பூர் முதலிபாளையத்தில் மாரிச்செல்வம் குடியிருக்கும் வாடகை வீடு. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வாசல் கதவு திறந்திருக்கிறது.

— குளுருக்கு உள்ள போடற தெர்மலு ரெண்டு செட்டு போதாதுங்களா தௌபிக்கண்ணா? ஒண்ணு தொவச்சா ஒண்ணு போட்டுக்கறது.

— தங்கச்சி, அங்க தொவச்சுப் போட்டா காயாது. கொடியிலயே கல்லாயிரும். பேண்ட்டு கம்பாட்டம் வெறைச்சு நிக்கும், எடுத்து ஆளையே அடிக்கலாம். மூணு செட்டு எடுத்துக்க. எல்லாம் நம்ம ஊரு சரக்குதான். லேபிள் கோணலா இருக்குதுன்னு வெள்ளக்காரன் வேண்டாம்னுட்டான். குளிருக்கு லேபிளா தெரியப் போகுது?

— இது யாரு சைசுங்க? இத்தாம்பெருசா இருக்குது!

— அது நம்ம மாப்ளைக்கு. மாப்ளே, எந்திரிச்சு வாங்க. மேல வெச்சு ஒரு தடவை பாத்துருவோம்.

— அங்கன வையும் பாய். பெறவு பாக்கேன்.

— கேட்டுக்குங்கண்ணா. ரெண்டு வாரமா இதேதான். தெர்மலுன்னா பெறவு பாக்கேன், டிக்கெட்டுக்குப் பேருன்னா பெறவு பாக்கேன்.

— பெறவுக்கெல்லாம் ரயிலு நிக்காது மாப்ளே. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் பேரு போட்டாகணும். பதினெட்டுப் பேரு ஆயாச்சு. உங்களுக்குன்னு ரெண்டு லோயர் பர்த்து பிடிச்சு வெச்சிருக்கேன். போகி அன்னிக்குக் கெளம்பறோம். ரெண்டு ராத்திரி ரயிலு. டெல்லியில இருந்து பஸ்ஸு. சிம்லாவுல மூணு நாளு. பனியில உருளலாம், குதிரை மேல ஏறி போட்டோ எடுக்கலாம். சமையலுக்கு நம்ம ஆளு கூடவே வர்றான். பனி கொட்டறப்ப ரசம் குடிச்சிருக்கீங்களா? வருசம் பூரா நெனப்புல இருக்கும்.

— போன வருசம் டிபன் பாக்ஸுல பனி கொண்டாந்தது யாருங்கண்ணா?

— நம்ம மொக்கைச்சாமிதான். சொன்னா கேட்டாத்தான? பொண்டாட்டிக்குக் காட்டணும்னு அடுக்கு டிபனுல அள்ளி அமுக்கி வெச்சுட்டான். டெல்லி வர்றதுக்குள்ள பூராம் தண்ணி. கொட்டுடான்னா கொட்ட மாட்டேங்கறான். ஊரு வரைக்கும் மடியில வெச்சே வந்தான். பொண்டாட்டி தெறந்து பாத்துட்டு, இந்தத் தண்ணிக்கா ஒம்போது நாளு போனேன்னு அத அவன் தலையிலயே ஊத்திட்டா.

— சிரிங்களேன். ஒரு ஆளு மெனக்கெட்டு வந்து சொல்றாருல்ல. சித்த சிரிச்சாத்தான் என்னங்க?

— கேட்ட கததான. போன வருசமே சொல்லிட்டாரு.

— அண்ணா, ஒரு காரியமுங்க. சிம்லாவுல எங்களுக்கு ஒரு நாள் போதும். மிச்ச ரெண்டு நாளும் எங்கள பன்ஸார் பஸ்ஸு ஏத்தி உட்டுருங்க. திரும்பறப்ப வந்து சேந்துக்கறோம்.

— பன்ஸாரா? அது எந்தப் பக்கம்?

— பிரேம் சிங் அண்ணனோட ஊருங்க.

— ஓ.

— சிம்லாவுல இருந்து ஆறு மணி நேரமாமுங்க. அவரு சம்சாரம் கம்லாக்கா ரோட்டுக்கே வந்து நிக்கறேன்னு சொல்லிருக்குது.

— இதுக்குத்தான் பாய் எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லுதேன். டூருன்னா டூரு. பனியப் பாத்தோமா வந்தோமான்னு இருக்கணும். எழவு வீட்டுக்குப் போறதுக்கு என்னத்துக்குத் தெர்மலு?

— எழவு உளுந்து பதினோரு மாசம் ஆச்சுங்க. அவிக கூப்பிட்டு நாம போகாம இருந்தா நல்லாருக்குமா? வருசா வருசம் ஜனவரியில வாங்க, ஜனவரியில வாங்கன்னு அந்த மனுசன் எத்தன தடவ கூப்பிட்டாரு. வர்றேன் வர்றேன்னு சொன்னது நீங்கதான?

— சொன்னேன்.

— அப்பறமென்னங்க?

— மாப்ளே, இதுல எனக்கும் ஒரு குத்தம் உண்டு. பிரேம் சிங்கை இந்த ஊருக்கு வரவழைச்சதே நான்தான். லூதியானாவுல கம்பளித் துணிக்கு முடி எழுப்பற மெஷின்ல பதினஞ்சு வருசம் நின்னவன். உங்க யூனிட்டுக்கு அதே மாதிரி மெஷின் வந்தப்ப ஓட்ட ஆளில்லன்னு மேனேஜர் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான்னு நான்தான் போன் போட்டேன். பீகாரு, ஒடிசான்னு ஆயிரம் பேரு இங்க இருக்காங்க. இமாச்சல்ல இருந்து அவன் ஒருத்தன்தான். தீப்பிடிச்ச அன்னிக்கு நான் லூதியானாவுல இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள அவனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ரூமு எப்படியிருக்கும்னுகூட நான் பாத்ததில்ல.

— சின்ன ரூமுங்கண்ணா. ஸ்வெட் சர்ட்டுக்கு உள்பக்கம் பஞ்சாட்டம் இருக்குதில்லீங்க, அதை எழுப்பற மெஷினு. தூசி பறந்துட்டே இருக்குமாமுங்க. அதுக்குத்தான் தனி ரூமு. இல்லீங்க?

— ஆமா. கறுப்புத் துணி ஓடுறப்ப கதவச் சாத்தியே வைக்கணும். கறுப்புத் தூசி வெளிய வந்துச்சுன்னா பக்கத்துல கெடக்க வெள்ளத் துணியில படிஞ்சிரும். ஒரு லாட்டே போயிரும். பெறவு எவன் பதில் சொல்லுதது? சூப்பர்வைசர்தான்.

— அன்னிக்குப் பாத்து அந்தக் கதவு ஜாம் ஆயிப்போச்சுங்கண்ணா. மெஷின்ல பொறி பறந்து பஞ்சுல புடிச்சுருச்சு. உள்ள இருந்தது அவரு ஒருத்தருதான். சாயந்தரம் நாலு மணி, டீ நேரம். அத்தன பேரும் வெளிய. மெஷின் சத்தத்துல வாட்ச்மேனுக்கும் தெரியல, அக்கட்டால செக்கிங்ல இருந்த பொம்பளைகளுக்கும் தெரியல. இவரு டீக்கடையில நின்னவரு, கிளாஸைக் கீழ போட்டுட்டு ஓடுனாராமுங்க. ஒரு பொட்டுப் புகைகூட வெளிய வரலியாமா. எங்கூட்டுக்காரருக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சுருக்குது. ஓடிப்போய்க் கதவத் தொறந்து, அவரை இழுத்து வெளிய போட்டாரு. மூணு நாளு ஆஸ்பத்திரியில நெனப்பில்லாம உசுரு மட்டும் இருந்துச்சு.

— அல்லாதான் காட்டிக் குடுத்திருக்கான்.

— அல்லாவ இதுல இழுக்காதீரும் பாய்.

— தப்பா ஒண்ணும் சொல்லலியே மாப்ளே.

— இப்படித்தாங்கண்ணா. யாராச்சும் ஒரு நல்ல வார்த்தை சொன்னா மூஞ்சியில அடிச்சாப்புல பேசறாரு. ஆயுத பூசைக்கு கம்பெனியில மேடை போட்டு, சால்வை போத்தி, ஷீல்டு குடுத்தாங்க. அதைக் கொண்டாந்து டிவிக்குப் பின்னால சொவத்தப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கறாரு. நான் தொடச்சு முன்னால வெப்பேன். மறுநாள் பாத்தா பின்னால போயிருக்கும். எங்கூட்டு ஷீல்டுக்குக் காலு மொளச்சிருக்குதுங்க.

— வாசக் கதவுகூடத் தொறந்தே கெடக்குதே தங்கச்சி. நான் வந்தப்ப நாய் ஒண்ணு உள்ள இருந்து வெளிய போச்சு. நீங்க வளக்கறீங்களோன்னு நெனச்சேன்.

— அதை ஏன் கேக்கறீங்க. பதினோரு மாசமா இந்த ஊட்டுல கதவு சாத்தறதே இல்லீங்க. நான் சாத்துனா எந்திரிச்சுப் போயித் தொறந்துட்டு வர்றாரு. கேட்டா புழுக்கமா இருக்குதும்பாரு. கார்த்திகையில என்னங்க புழுக்கம்? நாயி வந்து பால் சட்டிய நக்கிட்டுப் போகுது.

— பாய் டூரு பேச வந்தாரா, எங்கதையக் கேக்க வந்தாரா?

— உடுங்க மாப்ளே. மனசுக்கு ஒரு அடி உளுந்தா அப்படித்தான். அதுக்குத்தான் சொல்றேன், வாங்க. பனியப் பாத்தா மனுசனுக்கு ஒரு மாதிரி ஆயிரும். அத்தன பெரிய மலை, ஒரு சத்தம் இருக்காது. நம்ம ஊரு சத்தமெல்லாம் காதுல இருந்து எறங்கிப் போயிரும்.

— அது எறங்காது பாய்.

— அண்ணா, மறந்தே போயிட்டேன். கம்லாக்கா நேத்து ஒரு வாய்ஸ் அனுப்பிருக்குது. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. நீங்க கேட்டுச் சொல்லுங்க.

— இப்ப வேண்டாம்ட்டி.

— ஒரு நிமிசம்தானுங்க. இருங்க, சத்தம் வெக்கறேன்.

— நமஸ்தே, சித்ரா பெஹன். பாய் சாப் கா ஹாத் அப் கைசா ஹை?

— நிறுத்துட்டி.

— அவங்க பாட்டுக்குப் பேசட்டும் மாப்ளே. பாவம். தங்கச்சி, காதுகிட்டக் குடு, கேட்டுட்டுச் சொல்றேன். ம். ம். யா அல்லா.

— என்னங்கண்ணா?

— மொதல்ல மாப்ளையோட கை எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க. அங்க இப்பவே பனி உளுந்துருச்சாம். உங்களுக்குன்னு ஒரு ரூமு ஒழிச்சு, வெறகு அடுக்கி வெச்சிருக்காங்களாம். மாப்ளைக்குக் கையாலயே ஒரு கம்பளிச் சட்டை பின்னிருக்காங்களாம். அளவு தெரியாததால பிரேம் சிங் அளவுக்கே பின்னிட்டாங்களாம். பத்தலைன்னா கோவிச்சுக்கக் கூடாதாம்.

— பாத்தீங்களாங்க?

— இன்னும் இருக்குது. ஊட்டுக்காரரைத் தூக்குன கையை ஒரு தடவை புடிச்சுப் பாக்கணுமாம். அவங்களுக்குக் கடைசியா மொகத்தைக்கூடச் சரியாக் காட்டலையாம், துணி சுத்தித்தான் குடுத்தாங்களாம். அவரைத் தொட்ட கைன்னு இருக்கறது மாப்ளை கைதானாம். அப்பறம் கடைசியா அவரு சொன்ன வார்த்தையை மாப்ளை வாயாலயே சொல்லிக் கேக்கணுமாம். மகளையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாங்களாம்.

— நான் எந்திரிக்கேன். கடைக்குப் போயிட்டு வாரேன்.

— உக்காருங்க. எந்தக் கடைங்க ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல?

— மாப்ளே, பிரேம் சிங் கடைசியா என்ன சொன்னான்?

— எனக்கு ஞாபகமில்ல பாய்.

— ஏனுங்க பொய் சொல்றீங்க? பனின்னு சொன்னாருங்கண்ணா. பனி, பனின்னு. உசுரு போற நேரத்துலயும் சொந்த ஊருப் பனியைத்தான் நெனச்சிருக்காரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல இவரு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தாரு. கேட்ட அத்தன பேரும் அழுதுட்டோம். கம்லாக்காவுக்கு நான்தாங்க சொன்னேன். போன்ல தமிழ்ல டைப் பண்ணுனா இந்தியில மாத்திக் குடுக்குதில்லீங்க, அதுல பனின்னு போட்டேன். பர்ஃப்னு வந்துச்சு. அதையே அனுப்பிச்சுட்டேன். அந்தக்கா ஒரு மணி நேரம் அழுதுச்சு. அதுதான் எனக்கு மிச்சம்னு சொல்லுச்சு.

— பனின்னு தமிழ்லயா சொன்னான்?

— தமிழ்லதாங்க. இவருதான் சொல்லிக் குடுத்தாரு. ஆனா அவரு வாயில பனின்னு வராதுங்க. இழுத்துப் பானின்னுதான் சொல்லுவாரு. "சார், ஜனவரி, பானி!" காலையில யூனிட்டுக்குள்ள நொழைஞ்சதும் இதுதானாமுங்க வணக்கம். இவரு "வாரேன்யா, வாரேன்யா"ம்பாரு. அத்தன பேரும் அவரைப் பாத்தா என்ன பானி, சௌக்கியமா பானிம்பாங்களாமுங்க. பேரே அதுதான் ஆயிப்போச்சு.

— அதாவது தீப்பிடிச்ச ரூமுக்குள்ள நின்னு அவன் சொன்ன வார்த்தை பானி.

— ஆமாங்க. ஏன் அண்ணா ஒரு மாதிரி கேக்கறீங்க?

— தங்கச்சி, நம்ம ஊருல இந்திக்காரனுக தண்ணிக்கு என்ன கேப்பானுக?

— பானி. ஆனா பிரேம் சிங் அண்ணன் அப்படிக் கேக்கவே மாட்டாருங்களே. தமிழாளுககிட்ட தமிழ்தான் பேசோணும்னு அவருக்கு ஒரு வைராக்கியம். தீபாவளிக்கு ஊட்டுக்கு வந்தப்பக்கூட, "அக்கா, தண்ணி"ன்னு சுத்தமாத்தான் கேட்டாரு. என்னைவிடப் பத்து வயசு மூத்த மனுசன், என்னைய அக்கான்னு கூப்பிட்டாருன்னு சிரிச்சுட்டே குடுத்தேன்.

— சொம்பு கையில இருக்கறப்ப தமிழ் வரும் தங்கச்சி. நெருப்பைப் பாத்தவனுக்குப் பெத்தவ பேசுன பேச்சுதான் வரும். பனியா கேப்பான்?

— அண்ணா...

— மாப்ளே, நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு. ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். பேரு போடறதா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தெர்மலு இங்கயே இருக்கட்டும்.

— சரி பாய்.

— கதவைச் சாத்திட்டுப் போகட்டுமா?

— சாத்தாதீரும். கெடக்கட்டும்.

— வர்றேன் தங்கச்சி.

— ஏனுங்க, அண்ணன் என்னமோ சொல்லிட்டுப் போறாரு. அவரு தண்ணியா கேட்டாரு?

— தண்ணிதான் கேட்டான்.

— உங்களுக்குத் தெரியுமா?

— திருப்பூர்ல பதினெட்டு வருசமா இருக்கேன். பானின்னா தண்ணின்னு தெரியாத சூப்பர்வைசர் எவன் இருக்கான்?

— அப்பறம் எப்படிங்க பனின்னு சொன்னீங்க?

— நான் எங்க சொன்னேன்? ஆஸ்பத்திரியில நான் பானின்னுதான் சொன்னேன். பானி, பானின்னான்னு அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். மேனேஜர் உடனே, ஐயோ பாவம், அவன் ஊருப் பனியக் கேட்டிருக்கான்னாரு. நீ அழுத. எல்லாரும் அழுதாக. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்படியே இருந்துட்டேன். நீ அவளுக்கு அனுப்பிச்சது எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.

— உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது, அவரு கேட்டது தண்ணின்னு?

— டீக்கடையில. டீய வாங்கி ஒரு வாய் குடிச்சேன். பக்கத்துல நின்ன ஒடியாக்காரன், "பையா, பானி"ன்னு கைய நீட்டுனான். மாஸ்டரு ஒரு கிளாஸுல தண்ணிய மோந்து அவன் முன்னால வெச்சாரு. அந்தக் கிளாஸப் பாத்தேன். அவ்வளவுதான். கால் தன்னால ஓட ஆரம்பிச்சிருச்சு.

— புகை வர்றதுக்கு முன்னாலயே ஓடுனீங்களே, அதுக்குத்தானா?

— அதுக்குத்தான். எந்தச் சாமியும் வந்து காதுல சொல்லல. அதுக்குப் போயி மேடை போட்டுச் சால்வை போத்துனாவ.

— ஏனுங்க, இங்க பாருங்க. என்னையப் பாருங்க. இதுல உங்க தப்பு என்னங்க இருக்குது? ரெண்டு வருசமா அந்த மனுசன் வாயில பானின்னா பனிதான். நீங்க மட்டுமில்ல, அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் அப்படித்தான் காதுல உளுந்திருக்கும். காது பண்ணுனதுக்கு மனுசன் என்ன பண்ணுவான்? இத்தன நாளா இதை மனசுல போட்டுட்டா கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க?

— காதோட நின்னிருந்தா நானே சொல்லிருப்பேன்ட்டி.

— நின்னுதுதானுங்களே. நாம பன்ஸாருக்குப் போலாமுங்க. கம்லாக்காகிட்ட உள்ளதச் சொல்லலாம். பர்ஃப் இல்லக்கா, உங்க ஊட்டுக்காரரு தண்ணிதான் கேட்டாரு, இவருக்கு வேற மாதிரி கேட்டுருச்சுன்னு நானே சொல்றேன். அழுகும். அழுதா அழுகட்டும். அதுக்கப்பறமும் உங்க கையைப் புடிச்சுக்கும். நல்ல பொம்பள. கடைசியில தொறந்து தூக்குனது நீங்கதான?

— இந்தக் கையயா புடிப்பா?

— ஏன், கைக்கு என்னங்க?

— இந்தா. ஒரு மாசம் மருந்து போட்டது நீதான. உள்ளங்கையில எப்படி வெந்திருக்கு? பாத்துச் சொல்லு.

— சதுரமா. நடுவுல சதுரமா இருக்குது. அதுக்கென்னங்க?

— ஆளத் தூக்குனா இப்படிச் சதுரமா வேகுமா?

— எதையோ புடிச்சிருப்பீங்க. கதவைத் தள்ளிருப்பீங்க. எனக்குத் தெரியாதுங்க, நான் என்னத்தக் கண்டேன்?

— பூட்டு.

— என்ன பூட்டுங்க?

— கதவு ஜாம் ஆகல. ஜாம் ஆயிருச்சுன்னு மேனேஜர் எழுதுனாரு. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதவு ஜாம் ஆகுற கதவே இல்லட்டி. சாத்துனாலும் நிக்காது. மெஷின் ஆட்டத்துல கொண்டி கழண்டு தானாத் தெறந்துக்கும். கறுப்பு ஓடுறப்ப தெறந்தா வெள்ளத் துணி போச்சு. அதுக்காக வெளிய கொண்டியப் போட்டு அதுல பூட்ட மாட்டிருவோம். உள்ள ஆள் இருக்கப்ப பூட்டக் கூடாதுன்னு கதவுலயே ஒரு பேப்பர் ஒட்டிருக்கும். ஒட்டுனது நான்தான்.

— எல்லாரும் மாட்டுவாங்களா?

— எல்லாரும் மாட்டுவாக. ஒரு அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். பிரேம் சிங்கே, "மாட்டிட்டுப் போங்க சார், நான் எங்க போகப் போறேன்"ம்பான். ரெண்டு வருசமா ஒண்ணும் ஆகல. அதுனால அது பூட்டுன்னே எங்களுக்குத் தோணல. கதவுக்கு ஒரு ஆணி மாதிரி.

— சாவி?

— என் பாக்கெட்டுல. டீக்கடையில நிக்கப்ப என் பாக்கெட்டுல இருந்துச்சு.

— சாமி...

— நான் ஓடி வாரப்ப பூட்டு செவந்து போகல, கறுப்பாத்தான் இருந்துச்சு. பாத்தாத் தெரியாது. இந்தக் கையால அமுக்கிப் புடிச்சேன், அந்தக் கையால சாவியப் போட்டேன். கை ஒட்டிக்கிச்சு. உள்ள தட்டுற சத்தம் நின்னு போயிருந்துச்சு. ஆளுக வாரதுக்குள்ள பூட்டக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அன்னைக்கே நொய்யல் ஆத்துல எறிஞ்சேன். கையில இருக்கத எங்கன எறிய?

— யாருக்கும் தெரியாதா?

— உனக்குத் தெரியும் இப்ப. மேனேஜருக்குச் சந்தேகம் உண்டு. அதுக்குத்தான் ஷீல்டு.

— கொஞ்சம் இருங்க. இப்பவும் கேக்கறேன், உங்களுக்குத் தீ தெரியலதான? கண்ணுல படலதான?

— படல. மெஷினுக்குப் பின்னால பஞ்சுக் குவியலு. பொறி அங்கன உளுந்திருக்கு. ஒரு வாளித் தண்ணி இருந்தாப் போதும். வாளி வெளிய, என் காலுகிட்ட இருந்துச்சு.

— பாக்காததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. போறப்ப பழக்கத்துல பூட்டிட்டுப் போயிட்டீங்க. அவரு அப்பறமாத்தான் கத்திருப்பாரு. உள்ள இருந்து, கதவுக்குப் பின்னால. மெஷின் சத்தத்துல அரையுங் கொறையுமா உங்க காதுல உளுந்திருக்குது. அப்படித்தானுங்க? சொல்லுங்க. நீங்க நடந்து போறப்ப பின்னால இருந்து உளுந்துச்சு, அப்படித்தான?

— ஆறு மணிக்குப் பாய் போன் பண்ணுவாரு. எம் பேரப் போடச் சொல்லு. உம் பேரு வேண்டாம். நான் ஒத்தையில போறேன்.

— அதை அப்பறம் பேசலாம். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவரு தண்ணி கேட்டப்ப நீங்க எங்கீங்க நின்னீங்க?

— வாசப்படியில.

— வெளியிலயா?

— கதவு தெறந்திருந்துச்சு. அவன் ஓடி வந்து எனக்கு முன்னால நின்னான். மொகத்துக்கு மொகம். மெஷின் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல. அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. "சார், பானி! பானி!" என் காலுகிட்டக் கெடந்த வாளியக் கை நீட்டிக் காமிச்சான். கூத்தாடுதான்னு நெனச்சேன்.

— நீங்க என்னங்க பண்ணுனீங்க?

— "ஜனவரியில வாரேன்யா"ன்னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே அவன் நெஞ்சுல கைய வெச்சு உள்ள தள்ளி, கதவ இழுத்துச் சாத்திப் பூட்டுனேன்.